இன்பம் தனியுடைமையோ?

நமது புத்தகக் கடைகளில் இன்று முன்வரிசையில் அடுக்கப்பட்டிருப்பவை எவை என்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். சிறுகதைத் தொகுதிகள் பின்தட்டுகளுக்குப் போய்விட்டன. கவிதை நூல்கள் தூசி படிந்து கிடக்கின்றன. வாசலுக்கு எதிரே, பளபளக்கும் அட்டைகளோடு, மகிழ்ச்சியாக வாழும் வழியைக் கற்பிக்கும் நூல்கள் குவிந்திருக்கின்றன. நூல்களோடு இது நின்றுவிடவில்லை. வங்கிகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் பாடசாலைகளிலும் ஊக்கப் பேச்சாளர்கள் மேடையேறுகின்றனர். கைத்தொலைபேசியைத் திறந்தாற் காலை வணக்கத்தோடு அதே உபதேசம் வந்து சேருகிறது. இன்பமும் துன்பமும் உன் மனத்திலேயே உள்ளன, சூழ்நிலையைக் குறைகூறாதே, உன்னை மாற்றிக்கொள், நீ மகிழ்வாய் என்பதே அதன் சாரம்.

இவ்வுபதேசம் புதியதன்று. தலைவிதி என்றும் முன்வினைப் பயன் என்றும் நம் பாட்டன்மார் கேட்ட பழைய பல்லவிதான் இது. அன்று அது காவியுடுத்தி வந்தது. இன்று ஆய்வுகூடத்தின் வெள்ளை மேலங்கியை அணிந்து, விஞ்ஞானம் என்ற பெயரோடு வருகிறது. ஆகவே அதனை விஞ்ஞானத்தின் முற்றத்திலேயே நிறுத்தி விசாரிப்பது நம் கடமையாகிறது.

நாம் எதனை எதிர்க்கிறோம் என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறோம். மனநோய் உண்மையான நோய். அதனால் அல்லற்படுவோர்க்கு மருத்துவமும் பரிவும் வேண்டும். நல்ல நட்பும் நன்றியுணர்வும் அமைதியான உறக்கமும் ஒருவருக்கு ஆறுதல் தரும் என்பதில் எமக்கு மறுப்பில்லை. உளவியலை முதலாளித்துவத்தின் சூழ்ச்சி என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடும் வறட்டு வாதமும் எமக்கு உடன்பாடன்று. துன்பத்தின் காரணத்தைச் சமுதாயத்திலிருந்து பெயர்த்தெடுத்துத் துன்பப்படுபவனின் தலையிலேயே ஏற்றிவைக்கும் கோட்பாட்டையே நாம் எதிர்க்கிறோம்.

இக்கோட்பாட்டின் பிறந்தகம் ஐக்கிய அமெரிக்கா. 1998ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியற் சங்கத்தின் தலைவராயிருந்த மார்ட்டின் செலிக்மன், உளவியல் நோயை மட்டும் ஆராய்ந்தது போதும், இனி நல்வாழ்வையும் ஆராயவேண்டும் என அறைகூவினார். நேர்மறை உளவியல் என்ற துறை அவ்வாறு வளர்ந்தது. அவர் 2002இல் வெளியிட்ட நூலில் மகிழ்ச்சிக்கு ஒரு சமன்பாடே எழுதிக் காட்டினார். 2005இல் சோன்யா லியுபோமிர்ஸ்கியும் வேறிருவரும் அதற்குக் கணக்கும் வகுத்தனர். மகிழ்ச்சியில் 50 வீதம் பிறப்பால் அமைவது. 40 வீதம் ஒருவர் தாமே விரும்பிச் செய்யும் செயல்களால் அமைவது. வாழ்க்கைச் சூழ்நிலைக்கு உரியது வெறும் 10 வீதம். வட்டப்படமாக வரையப்பட்ட இக்கணக்கு உலகெங்கும் பரவியது. வருமானம், வீடு, தொழில் ஆகிய யாவும் அந்தப் பத்து வீதத்துள் அடங்கிவிட்டன. பத்து வீதத்துக்காக யாராவது வேலைநிறுத்தம் செய்வார்களா? தொழிலதிபர்கள் இக்கணக்கை விரும்பியதில் வியப்பில்லை.

கணக்கின் உள்ளே சற்றுப் புகுந்து பார்ப்போம். அந்த வீதங்கள் ஒரு மனிதனின் மகிழ்ச்சி எவற்றால் ஆனது என்பதைக் கூறுவன அல்ல. ஆராயப்பட்ட மக்களிடையே மகிழ்ச்சியிற் காணப்பட்ட வேறுபாட்டுக்கு எவ்வெவை எவ்வளவு காரணம் என்பதையே அவை கூறுகின்றன. இரணைமடுக் குளத்தின் ஒரே வாய்க்காலில் ஒரே அளவு நீர் பெறும் பத்து வயல்களை எடுத்துக்கொள்வோம். அவற்றின் விளைச்சல் வேறுபாட்டுக்கு நீர் காரணமாகாது. விதையும் பசளையும் உழவனின் கைத்திறனுமே காரணமாகும். அதனால் நெல்லுக்கு நீர் வேண்டியதில்லை என்று எவனாவது கூறினால் கிளிநொச்சி விவசாயி சிரிக்கமாட்டானா? வாழ்க்கை வசதிகள் பெரிதும் ஒத்திருக்கும் மக்களிடையே கணித்த எண்ணை, வாய்க்காலே வந்துசேராத வயல்களுக்கும் பொருத்திப் பேசுவது இதே மடமைதான்.

அந்த 40 வீதத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அதனை யாரும் நேரே அளந்து கண்டதில்லை. நூறிலிருந்து ஐம்பதையும் பத்தையும் கழித்தபோது மிஞ்சியது நாற்பது; மிஞ்சியதெல்லாம் மனிதனின் விருப்புச் செயலுக்கு வரவு வைக்கப்பட்டது. கண்டனங்கள் எழுந்தபின், 2019இல் அவ்வாய்வாளருள் இருவர் தம் வட்டப்படத்தை மீளப் பரிசீலித்து, கண்டனங்களிற் பெரும்பாலானவற்றோடு உடன்பட்டனர். முயற்சியால் மகிழ்ச்சியை நாடலாம் என்ற தமது நிலையை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. அவர்களின் நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆனால் வட்டப்படத்தை விற்றுப் பிழைப்போரிடம் அந்த நேர்மையைத் தேடிக் காணமுடியவில்லை.

ஊக்கப் பேச்சாளர் மேடைதோறும் கூறும் மற்றொரு கதை உண்டு. அதிட்டலாபச் சீட்டில் பெரும்பணம் வென்றவனும் விபத்திற் கைகால் இழந்தவனும் சில காலத்தின்பின் ஒரே அளவு மகிழ்ச்சியோடு இருக்கிறார்களாம். எனவே பணமும் இழப்பும் ஒரு பொருட்டல்லவாம். இக்கதைக்கு மூலமான ஆய்வை 1978இல் பிலிப் பிரிக்மனும் அவர் தோழரும் வெளியிட்டனர். ஆராயப்பட்டோர் பரிசு வென்றவர் 22 பேர், விபத்தில் உடல் செயலிழந்தோர் 29 பேர், ஒப்பீட்டுக்காக 22 பேர், அவ்வளவே. ஐந்துக்கு இட்ட புள்ளியில் பரிசு வென்றோர் பெற்றது 4.00; ஒப்பீட்டுக்கு எடுத்தோர் பெற்றது 3.82, விபத்துக்குள்ளானோர் பெற்றது 2.96. பரிசு பெற்றோர்க்கு மகிழ்ச்சி பெரிதாகக் கூடவில்லை என்பது உண்மை. ஆனால் விபத்துக்குள்ளானோர் ஏனையோரைவிடத் தெளிவாகவே துயருற்றிருந்தனர். மூலத்திலே துயரம் எண்ணால் எழுதப்பட்டிருக்க, அதனை மறைத்து இருவரும் ஒன்றே என்று மேடையில் முழங்குவதற்குப் பெயர் என்ன?

பணம் மகிழ்ச்சி தராது என்ற வாக்கியத்துக்கும் இவ்வாறே ஒரு வரலாறு உண்டு. பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற டானியல் கானமனும், பின்னர் அதே பரிசைப் பெற்ற அங்கஸ் டீட்டனும் அமெரிக்க மக்களிடையே செய்த ஆய்வை 2010இல் வெளியிட்டனர். ஆண்டு வருமானம் 75,000 டொலரைத் தாண்டியபின் அன்றாட உணர்வுநிலை மேலும் உயர்வதில்லை என்றனர். உபதேசிகள் அந்தத் தொகையை மறந்துவிட்டு வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டனர். நோய், மணமுறிவு, தனிமை ஆகியவற்றின் வேதனையைக் குறைந்த வருமானம் மேலும் கூர்மையாக்குகிறது என்று அதே ஆய்வு கூறியதை ஒருவரும் எடுத்துரைக்கவில்லை. 2023இல் கானமனே, மத்தியூ கில்லிங்ஸ்வேர்த் என்ற எதிர்க்கருத்தாளரோடு சேர்ந்து மீளாராய்ந்து, பெரும்பாலோர்க்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் தொடர்ந்து உயர்கிறது, மிகவும் துயருற்ற ஒரு சிறுபான்மையினரிடமே அது ஓரெல்லையில் நின்றுவிடுகிறது என முடிவுகூறினார். ஆண்டுக்கு 75,000 டொலர் பெறுவோரைப் பற்றி எழுந்த வாக்கியத்தை, நாளொன்றின் கொழுந்து நிறை குறைந்ததால் அரைப்பேர் போடப்பட்டு வீடு திரும்பும் தோட்டத் தொழிலாளப் பெண்ணிடம் கூறுவது அறிவுமன்று, அறமுமன்று. அவளிடம் நன்றிக் குறிப்பேடு எழுது என்போர், யாருக்கு நன்றி என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

நல்வாழ்வைப் பற்றிய உளவியல் 1998இல்தான் பிறந்தது என்பதும் உண்மையன்று. உழைக்கும் மக்களின் பக்கம் நின்று அவ்வுளவியலைத் தொடங்கியோர் முன்னரே இருந்தனர்; அவர்களின் பெயரை மறக்கச் செய்துவிட்டனர்.

ஒஸ்திரியாவில், வியன்னா நகருக்கு அணித்தே மரியென்தால் என்றொரு நெசவாலைக் கிராமம் இருந்தது. அங்கு வாழ்ந்தவை 478 குடும்பங்கள். பொருளாதார மந்தத்தில் ஆலை மூடப்பட, ஏறத்தாழ ஊர் முழுவதுமே வேலையிழந்தது. மரீ யஹோதா என்ற இளம் சமதர்மவாதியும், போல் லாசர்ஸ்ஃபெல்டும், ஹான்ஸ் ஸைஸலும் தம் தோழரோடு அங்கு சென்று ஆராய்ந்து, 1933இல் ஒரு நூல் வெளியிட்டனர். கேள்விக்கொத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றவர்கள் அல்லர் அவர்கள். ஊராருக்கு உடுப்புச் சேர்த்துக் கொடுத்தனர். மருத்துவ உதவிக்கு வழிசெய்தனர். அவ்வூர் மக்களோடு பழகியே அவர்களை அறிந்தனர்.

அவர்கள் கண்டவை இன்று வாசிக்கும்போதும் நெஞ்சைத் தொடுகின்றன. ஓய்வு மிகுந்தால் மனிதன் நிறைய வாசிப்பான் என்றுதானே எண்ணுவோம்? நூலகத்தில் இரவற் கட்டணம் நீக்கப்பட்ட பின்னும் நூல்கள் எடுப்பது இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. ஆய்வாளர் மறைவில் நின்று கடிகாரத்தோடு கவனித்தனர். அவசரமாகப் போவதற்கு இடமில்லாத ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தனர். வழியில் அடிக்கடி நின்றனர். காலையிலிருந்து மாலைவரை என்ன செய்தீர் என்று கேட்டால் அவர்களாற் கணக்குச் சொல்ல முடியவில்லை. பெண்களுக்கோ வீட்டு வேலை ஓயவில்லை.

குடும்பங்களை அவற்றின் மனநிலைப்படி நான்காக வகுத்தபின், ஒவ்வொன்றிலும் தலைக்கு எவ்வளவு மாத வருமானம் என்று கணித்தனர். மனந்தளராத குடும்பங்களுக்கு 34 ஷில்லிங். எதையும் எதிர்பாராது அடங்கிப்போனவற்றுக்கு 30. நம்பிக்கை இழந்து நொந்தவற்றுக்கு 25. அசைவற்று உணர்விழந்து போனவற்றுக்கு 19. படிக்குப் படி இடைவெளி ஏறத்தாழ ஐந்து ஷில்லிங். சீனி வாங்க இயலுமா, அல்லது விலைகுறைந்த சக்கரினோடு நிற்பதா. பிள்ளையின் சப்பாத்தைத் தைப்பித்துப் பள்ளிக்கு அனுப்ப இயலுமா, அல்லது வீட்டில் மறித்து வைப்பதா என்பதை முடிவுசெய்யும் வேறுபாடு அது. இன்பமும் துன்பமும் மனத்திலேயே உள்ளன என்போரிடம் நாம் கேட்கிறோம்: அந்த ஐந்து ஷில்லிங் எங்கே இருந்தது? மனத்திலா, மடியிலா?

யஹோதா 1936இல் ஒஸ்திரிய ஆட்சியாளராற் சிறையிடப்பட்டு, அடுத்த ஆண்டில் நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்துக்குச் சென்றார். 1958இல், ஆக்கமான மனநலம் என்றால் என்ன என்பதை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் வெளிவந்தது. செலிக்மன் அறைகூவல் விடுப்பதற்கு 40 ஆண்டுகள் முன்னரே நடந்தது இது.

செலிக்மன் தாமே இளமையில் நடத்திய ஆய்வு ஒன்றும் நம் கட்சிக்கே சாட்சி சொல்கிறது. 1967இல் அவரும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்துச் சோதனை செய்தனர். தாம் என்ன செய்தாலும் நிறுத்தமுடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பின்னர் தப்பும் வழி திறந்திருந்தபோதும் முயலாது படுத்துக்கிடந்தன. தம் செயலால் அதிர்ச்சியை நிறுத்த முடிந்த நாய்களோ தப்பியோடின. அடைந்த அதிர்ச்சி இரண்டுக்கும் ஒன்றே. தன் செயலுக்குப் பயன் உண்டு என்ற அனுபவமே வேறுபட்டது. 2016இல் அவ்விருவரும் தம் கொள்கையைத் திருத்தி, செயலிழந்து கிடப்பது நீண்ட துன்பத்தின் இயல்பான விளைவு, தன் கையிற் கட்டுப்பாடு உண்டு என்பதே கற்றறியப்படுவது என்று எழுதினர். இதிலிருந்து பிறக்கவேண்டிய முடிவு யாது? மக்களுக்குத் தம் வாழ்வின்மீது உண்மையான கட்டுப்பாட்டைக் கொடு என்பதல்லவா? தொழிற்சங்க உரிமையும், காணி உறுதியும், கொடுத்த கடனுக்கு நியாயமான வட்டியும், தாம் பேசும் மொழியில் அலுவலகக் கடிதமும் அந்தக் கட்டுப்பாட்டின் பெயர்கள் அல்லவா? செலிக்மன் வேறு வழியிற் சென்றார். அவருடைய பயிற்சி முறை 2009இல் அமெரிக்க இராணுவத்திற் புகுத்தப்பட்டது. போரை நிறுத்துவதற்குப் பதிலாகப் போர்வீரனின் மனத்தை உறுதியாக்கினர்.

நம் நாட்டின் அனுபவம் இதனிலும் தெளிவான பாடத்தைப் புகட்டுகிறது. 1995ஆம் ஆண்டளவில் இலங்கை தற்கொலை வீதத்தில் உலகின் முன்னணியில் நின்றது. ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் இவ்வாறு மாண்டனர். உயிரிழப்புகளிற் பெரும்பங்கு கிராமங்களில், வயலுக்கென வீட்டில் வைத்திருந்த பூச்சிகொல்லிகளால் நேர்ந்தது. நிலைமையை மாற்றியது ஊக்கப் பேச்சன்று. மிகுந்த நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகளை 1984 தொடங்கி 1995, 1998, பின்னர் 2008 முதல் 2011 வரை எனப் படிப்படியாக அரசு தடைசெய்தது. இருபது ஆண்டுகளில் வீதம் ஏறத்தாழ 70 விழுக்காடு வீழ்ந்தது. 1995க்கும் 2015க்கும் இடையில் 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். தடையால் நெல் விளைச்சல் குன்றவில்லை. பேராசைபிடித்த நச்சு வணிகத்தைச் சட்டம் தடுத்தபோது, ஒரு கணத்தின் தாளாத வேதனையில் இருந்தோர்க்கு அக்கணத்தைக் கடந்து வாழும் வாய்ப்புக் கிட்டியது. அவர்களிற் பலர் இன்று தம் பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்க்கின்றனர்.

இதிலும் நாம் மிகைப்படுத்தமாட்டோம். தம்மை வருத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தோரின் தொகை அந்த அளவுக்குக் குறையவில்லை. சட்டம் சாவைத் தடுத்தது, வேதனையை நீக்கவில்லை. வறுமையும் கடனும் குடிவெறியும் வீட்டு வன்முறையும் எஞ்சியிருக்க, வேதனை மட்டும் எங்ஙனம் நீங்கும்? அந்த எஞ்சிய வேலை சமுதாயத்தின் கணக்கில் இன்னும் கடனாகவே நிற்கிறது.

2022இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என்று அரசு கைவிரித்தபோது, மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் இரவு பகலாக வரிசையில் நின்றோரை நினைத்துப் பார்ப்போம். பருத்தித்துறை முதல் தெவிநுவர வரை அனைவரும் ஒரே ஆண்டில் நேர்மறைச் சிந்தனையை ஒருங்கே இழந்துவிட்டார்களோ?

போருக்குப்பின் நம் மக்கள் சந்தித்த துயரத்தையும் இதே அளவுகோலால் அளக்க முற்படுவோர் உளர். துயரத்திலிருந்து மீண்டெழும் ஆற்றல் நம் மக்களுக்கு உண்டென்பதைப் போற்றுவோம். ஆனால் மீண்டெழுந்துவிட்டீர்கள், இனி வேறென்ன வேண்டும் என்று கேட்பதற்கு அச்சொல் பயன்படுமானால் அது கொடுமை. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரும் சுனாமியும் தந்த காயம் தனிமனித மனத்தோடு நில்லாது குடும்பத்தையும் ஊரையும் உறவுமுறையையும் ஊடறுத்துச் செல்வது என்பதைத் தம் நூல்களில் விரிவாகக் காட்டியுள்ளார். காணாமற்போன மகனைத் தேடும் தாய்க்கு வேண்டியது மகனைப் பற்றிய விடை. அதைக் கொடாமல் மூச்சுப் பயிற்சியை மட்டும் கொடுப்பது, பசித்தவனுக்கு வெற்றிலை நீட்டுவது போன்றது.

அரசுகளும் மகிழ்ச்சி வியாபாரத்தில் இறங்கியுள்ளதைக் கூறாமல் விடுதல் தகாது. மொத்தத் தேசிய மகிழ்ச்சி என்ற சொற்றொடரால் உலகப் புகழ் பெற்ற நாடு பூட்டான். அதே பூட்டானிலிருந்துதான் 1990ஐ அடுத்த ஆண்டுகளில் நேபாள மொழி பேசும் மக்கள் ஒரு இலட்சம் வரையில் விரட்டப்பட்டு நேபாளத்தின் அகதி முகாம்களுக்குச் சென்றனர். நாட்டின் மகிழ்ச்சியைக் கணக்கெடுக்குமுன் எவரை நாட்டினர் எனக் கொள்வது என்ற கேள்வி எழுகிறது. மறுபுறம், உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் 2025 வரை எட்டாண்டுகள் தொடர்ந்து முதலிடம் பெற்றது பின்லாந்து. வருமானம், ஆரோக்கியம், இடரில் உதவ ஆளிருத்தல், சுதந்திரம், ஊழலின்மை என்பவற்றைக் கொண்டே அவ்வறிக்கை நாடுகளின் வேறுபாட்டை விளக்குகிறது. நம் உபதேசிகள் பத்து வீதம் என்று தள்ளிய சூழ்நிலை அங்கே முன்வாசலால் வந்து அமர்ந்துகொள்கிறது.

இவ்விடத்தில் நம்மை நாமே விமர்சித்துக்கொள்ளவும் வேண்டும். முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரிற் சிலர் மனத்தின் நோவைப் பற்றிப் பேசுவதையே நடுத்தர வர்க்கச் சொகுசு என்று எள்ளினர். சமுதாயம் மாறினால் எல்லாம் தானே மாறும் என்று கூறி, இன்று இரவு உறக்கமின்றித் தவிப்பவரை நாளைய விடியலுக்குக் காத்திருக்கச் சொன்னோம். துன்பம் முற்றினால் மக்கள் தாமே கிளர்ந்தெழுவர் என்றும் எண்ணினோம். மரியென்தால் அதனையும் பொய்யாக்கியது. அங்கு வறுமை கிளர்ச்சியைப் பெற்றெடுக்கவில்லை; மெதுவான நடையையும் மூடிய புத்தகத்தையுமே பெற்றெடுத்தது. ஆறுதல் சொல்ல நாம் தவறிய இடத்திலேயே ஊக்கப் பேச்சாளன் வந்து கடை விரித்தான். தோழமையின் ஆறுதலும் உரிமைக்கான போராட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை நாம் காலந்தாழ்த்தியே கற்கிறோம்.

எழுத்தாளர்க்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. துன்பத்தை அதன் காரணத்தோடு சேர்த்துக் காட்டுவது இலக்கியத்தின் பணி. நுண்கடன் வசூலிப்பவன் படலையைத் திறக்கும் ஓசை கேட்டு அடுப்படியிற் பதுங்கும் பெண்ணின் நெஞ்சுப் படபடப்பை, அவளுடைய மனக்கோளாறாக எழுதுவதா, அந்த வட்டிவீதத்தோடு சேர்த்து எழுதுவதா என்பதை ஒவ்வோர் எழுத்தாளனும் தீர்மானித்தாக வேண்டும். மகிழ்ச்சியை எழுதவும் நாம் கூசவேண்டியதில்லை. நாற்று நடும் வயலிலும், கோயில் வீதியின் கூத்திலும், வேலைநிறுத்தம் வென்ற மாலையின் தேநீரிலும் நம் மக்கள் கண்ட இன்பம் மெய்யானது. வள்ளுவரும் இன்பத்தைப் பாடினார். ஆனால் அறத்தையும் பொருளையும் பாடிய பின்பே அதற்கு வந்தார். அவ்வொழுங்கில் நமக்கொரு குறிப்பு உண்டு.

நம்மூரில் இருவர் சந்தித்தால் முதலிற் கேட்பது, "எப்பிடி, சுகமாய் இருக்கிறியளோ?" என்பதே. விடை வருமுன் அடுத்த கேள்வியும் வந்துவிடும்: "வீட்டிலை எல்லாரும் சுகமோ? ஊரிலை எல்லாரும் சுகமோ?" நம் மக்களின் நாவில் சுகம் என்ற சொல் ஒருவரோடு நின்றதில்லை. அந்தக் கேள்விக்கு எல்லாரும் சுகம் என்று பொய்யில்லாமல் விடைகூறக்கூடிய ஊரை அமைப்பதே நல்வாழ்வுக்கான நமது வேலைத்திட்டம். அதற்கு முன்னே, எல்லாரும் சுகமில்லை என்று உரத்துச் சொல்லும் துணிவு எழுதுகோல் பிடித்த கைகளுக்கு வேண்டும்.